கோலம் போடும் கை தெருவையும் சீர் செய்யும்!

வீட்டுக்குள் ஒரு டம்ளர் இடம் மாறியிருந்தால்கூட நம் கண்ணுக்குப் பட்டுவிடும். சமையலறைத் தரையில் இரண்டு சொட்டு எண்ணெய் சிந்தினால், யாராவது வழுக்கி விழப் போகிறார்களே என்று துடைத்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்போம். ஆனால் வாசற்படியைத் தாண்டி நாலு அடி வைத்தால் சாக்கடை மூடி உடைந்து கிடக்கும், தெரு விளக்கு எரியாது. அதையெல்லாம் பார்த்தும் பாராததுபோல் ஒதுங்கிப் போவோம். கேட்டால், "அதெல்லாம் கவர்ன்மென்ட் வேலைங்க" என்போம்.

கவர்ன்மென்ட் வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் விழுகிறவர்கள் நம் வீட்டு மனிதர்கள் ஆயிற்றே! 2022ஆம் வருஷத்தில் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105. "இதெல்லாம் பைபாஸ் ரோட்டில் நடப்பது, நம் தெருவில் என்ன?" என்று நாங்களும் நிம்மதியாகத்தான் இருந்தோம். எங்கள் தெருவின் கதையைச் சொன்னால் மற்ற சகோதரிகளுக்கும் உபயோகப்படும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மார்கழி விடியலில்

நாங்கள் இருப்பது சென்னையின் தெற்குப் பகுதியில் ஒரு சின்னத் தெரு. தனி வீடுகளும் மூன்று மாடி ஃப்ளாட்டுகளுமாக 60 குடும்பங்கள். இரண்டு பெரிய ரோடுகளுக்கு நடுவே குறுக்கு வழியாக இருப்பதால், சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத வண்டிகள் எல்லாம் எங்கள் வாசல் வழியாகத்தான் பறக்கும்.

2022 டிசம்பரில், மார்கழி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. தெருக்கோடி வீட்டு அக்கா எங்கள் பக்கத்தில் கோலத்துக்குப் பேர் போனவர். 21 புள்ளி வைத்து, நடுவில் பரங்கிப் பூ வைக்க இடம் விட்டு, ஒரே இழையில் இழுத்து முடிப்பார். அன்று காலை ஐந்தரை மணிக்குக் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் மேல் ஒரு மோட்டார் பைக் வந்து மோதிவிட்டது. அக்காவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஓட்டி வந்த பையனுக்கு முழங்காலிலும் முகத்திலும் அடி.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினோம். இரண்டு பேர் அந்தப் பையனை அடிக்கவே கை ஓங்கிவிட்டார்கள். அக்கா தரையில் உட்கார்ந்தபடியே, "அவனை அடிக்காதீங்க, சின்னப் பையன், ரத்தம் வருது பாருங்க" என்றார். 108 ஆம்புலன்ஸில் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் அனுப்பி வைத்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் விடியற்காலையில் ஒருவரும் வெளியே வரவில்லை. சில வீடுகளில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டினார்கள். சில வீடுகளில் கேட்டுக்கு உள்ளேயே சின்னதாக ஒரு நட்சத்திரம். எனக்கு மனசு கேட்கவில்லை. வருஷம் முழுவதும் வீட்டுக்குள் உழல்கிற பெண்களுக்கு மார்கழி விடியல் என்பது, நாலு பேரைப் பார்த்து, "என்ன, இன்னிக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்டுப் பேசுகிற நேரம். அதையும் பயத்துக்குப் பறிகொடுத்துவிட்டால் தெருவில் நமக்கு என்னதான் மிச்சம்?

தப்பு யாருடையது?

நாலைந்து பேராக அந்தப் பையனைப் பார்க்கப் போனோம். அடுத்த தெருவில்தான் வீடு. காலேஜில் படித்துக்கொண்டே காலையில் பேப்பர் போடுகிறான். எங்களைப் பார்த்ததும் அவன் அம்மா அழுதுவிட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டு, "ரொம்ப வேகம் இல்ல ஆன்ட்டி, நாப்பதுதான் வந்தேன். அங்க ரெண்டு லைட்டும் எரியல. பள்ளம் இருக்கேன்னு இந்தப் பக்கம் ஒதுங்கினேன். ஆன்ட்டி குனிஞ்சிருந்தது தெரியவே இல்ல" என்றான்.

திரும்பி வரும்போது என் மாமியார் சொன்னதுதான் எங்களை யோசிக்க வைத்தது. "பையனைத் திட்டினா பையன் திருந்துவான். பள்ளத்தை யார் திட்டறது?" என்றார். உண்மைதானே! எரியாத விளக்கு, மூடாத பள்ளம், வேகம் என்று மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்ததால் வந்த விபத்து. மூன்றில் ஒன்று இல்லாதிருந்தால்கூட அக்காவின் கை தப்பியிருக்கலாம்.

நாற்பது கிலோமீட்டர் வேகமே இல்லை என்று நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் நினைக்கிறார்கள். என் பெண்ணை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 8 மீட்டருக்கு மேல் போகிறது. 40 என்றால் 11 மீட்டர். 50 என்றால் ஏறக்குறைய 14 மீட்டர். எதிரே ஆளைக் கண்டு, மூளைக்கு உறைத்து, கை பிரேக்கைப் பிடிக்கவே ஒரு விநாடி ஆகிவிடும். எங்கள் தெருவில் ஒரு மனையின் முகப்பு 30 அடி, அதாவது 9 மீட்டர். ஆக ஐம்பதில் வருகிறவன் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே ஒன்றரை வீட்டைத் தாண்டிவிடுகிறான். வண்டி நிற்பது அதற்கும் அப்புறம்தான். 2020ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் பல தேசத்து அரசுகளும் கூடி, நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து போகிற இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று தீர்மானம் செய்தது இதனால்தான்.

கோலப் போட்டியா, கணக்கெடுப்பா?

எங்கள் தெருவிலும் ஒரு குடியிருப்போர் சங்கம் உண்டு. கூட்டம் போட்டால் ஐந்து பேர் வருவார்கள், அதில் மூன்று பேர் நிர்வாகிகள்! "லைட்டுக்கும் பள்ளத்துக்கும் மீட்டிங்" என்று சொன்னால் எந்தப் பெண்ணும் எட்டிப் பார்க்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அதனால், "பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோலப் போட்டி, எல்லோருக்கும் பரிசு" என்று அறிவித்தோம். 40 பெண்கள் பெயர் கொடுத்தார்கள்.

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் மயிலாப்பூர் விழா சமயத்தில் நடக்கும் கோலப் போட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வண்டி ஓடாத தெரு எப்படி இருக்கும் என்று. அதே தெருக்களில் பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவம் நடக்கும்போது வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். நீர்மோர்ப் பந்தல், பலூன்காரர், குழந்தைகள் என்று ஜனங்கள் சாவகாசமாக நடப்பார்கள். எங்கள் சின்னத் தெருவுக்கும் நாலு மணி நேரம் அந்தப் பாக்கியம் கிடைக்கட்டும் என்று காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்தோம். எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வண்டிகள் எந்த வழியாகச் சுற்றிப் போகலாம், பொறுப்பாளர்கள் யார் என்று தெளிவாக எழுதியிருந்ததால் அனுமதி கிடைத்தது. ஒலிபெருக்கி வைப்பதானால் அதற்கும் அனுமதி கேட்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை எப்படியும் அதற்குத் தடை.

போட்டியில் நாங்கள் வைத்த ஒரே நிபந்தனை: தெருவில் உள்ள ஒவ்வொரு பள்ளத்தையும், உடைந்த மூடியையும் சுற்றிச் செம்மண் கட்டி, அதையும் கோலத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பெண்கள் விட்டார்களா? ஒரு பள்ளத்தைத் தாமரைக் குளமாக்கினார்கள். உடைந்த சாக்கடை மூடி ராக்ஷஸனின் வாயாயிற்று! எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்துடன் தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து, எல்லாவற்றையும் குறித்தார்கள். மொத்தம் 11 விளக்குக் கம்பங்களில் 3 எரியவில்லை. 7 பள்ளங்கள். 2 உடைந்த மூடிகள். மரக்கிளை மறைத்த விளக்கு ஒன்று. வளைவில் எதிரே வருகிற வண்டி தெரியாமல் மறைக்கும் விளம்பரத் தட்டி ஒன்று.

இத்தனையும் தினமும் நாங்கள் பார்த்தவைதான். ஆனால் வண்ணப் பொடியில் வட்டமிட்டுக் காட்டியபோது, ஆண்கள் உட்பட எல்லோரும் வாயடைத்து நின்றார்கள். அன்று மாலை சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் சாப்பிட்டுக்கொண்டே 52 வீட்டார் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா கட்டுப் போட்ட கையோடு வந்து இடது கையால் கையெழுத்திட்டார்.

மனு எழுதும் விதம்

நான் ப்ளஸ் டூ வரைதான் படித்தவள். மனு எழுதுவதற்கு அதற்கு மேல் படிப்பு தேவையில்லை என்பது என் அனுபவம். வீட்டுக்கணக்கு எழுதத் தெரிந்தால் போதும்.

ஒன்று: "எங்கள் தெருவில் விளக்குகள் சரியில்லை" என்று பொதுவாக எழுதாதீர்கள். ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் ஒரு எண் எழுதியிருக்கும். "இந்த எண்ணுள்ள கம்பம், இந்தக் கதவு எண்ணுக்கு எதிரே, இத்தனை நாளாக எரியவில்லை" என்று எழுதுங்கள். பள்ளத்துக்கும் அப்படியே, நீளம், அகலம், பக்கத்துக் கதவு எண் எல்லாம் வேண்டும். போட்டோவும் சேருங்கள்.

இரண்டு: எல்லாக் குறைகளையும் ஒரே தாளில் திணிக்காதீர்கள். விளக்குக்கு ஒருவர், சாலைக்கு ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர் என்று பார்க்கிறவர்கள் வேறு. தனித்தனித் தாளாகக் கொடுத்தால் தனித்தனியாக நகரும்.

மூன்று: சென்னை மாநகராட்சிக்கு உட்பட்டவர்கள் 1913 என்ற எண்ணில் புகாரைப் பதியலாம். மின்கம்பி தொங்குவது, மின்பெட்டி திறந்து கிடப்பது போன்றவற்றுக்கு மின்வாரியத்தின் மின்னகம், 94987 94987. 2021 ஜூனில் தொடங்கிய இந்தச் சேவை தமிழ்நாடு முழுவதற்கும் உண்டு. புகார் எண்ணை வாங்கி, காலண்டர் தாளில் அன்றைய தேதிக்குக் கீழேயே எழுதி வையுங்கள்.

நான்கு: கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதுபோல நகரத்துக்கும் பகுதி சபை வந்துவிட்டது. 2022 நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சிகள் தினத்தன்று, தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் முதல் தடவையாக அது கூடியது. கவுன்சிலரும் அதிகாரிகளும் நேரில் இருக்கும் இடம். கூட்டம் எப்போது என்று விசாரித்து வைத்துக்கொண்டு, பத்துப் பெண்களாகச் சேர்ந்து போனால் பேச வாய்ப்பு கொடுக்காமல் இருக்க முடியாது.

ஐந்து: பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. மனுவில் 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "எங்கள் மனுவின் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?" என்று கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

எங்களுக்கு விளக்குகள் இரண்டே வாரத்தில் எரிந்தன. பள்ளங்களும் மூடிகளும் ஏப்ரல் மாதம் சரியாயின. விளம்பரத் தட்டியை, வைத்தவரிடமே போய்ப் பேசியதும் அவரே எடுத்துவிட்டார். வேகத்தடைக்கான காகிதம் மட்டும் ஓர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் அசையவில்லை. பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்ட பிறகுதான் அசைந்தது.

வேகத்தடை யார் வாசலில்?

அதிகாரிகளைவிட எங்களுக்குள் சமாதானம் செய்வதுதான் பெரிய பாடாகிவிட்டது. எல்லோருக்கும் வேகத்தடை வேண்டும், ஆனால் தன் வீட்டு வாசலில் மட்டும் வேண்டாம்! "ராத்திரி பூரா தடதடன்னு சத்தம் வரும்" என்றார் ஒருவர். "சுவர் விரிசல் விடும்" என்றார் இன்னொருவர். கடைசியில் ஒருவர், "பதினாறாம் நம்பர்ல வாடகைக்குத்தானே இருக்காங்க, அங்க போட்டுடலாம்" என்று சுலபமாகச் சொன்னார்.

அந்த வீட்டுப் பெண் எங்கள் மத்தியில்தான் உட்கார்ந்திருந்தாள். பாவம், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. "வாடகை கொடுக்கிறவங்க காதுக்கு மட்டும் சத்தம் கேக்காதா?" என்று கேட்டேன். கூட்டம் கப்சிப்.

பிறகு இடம் பார்க்க வந்த எஞ்சினியர்தான் விஷயத்தை விளக்கினார். சத்தமும் அதிர்ச்சியும் வருவது குறுகலாக, செங்குத்தாகப் போடுகிற மேட்டினால். இந்திய சாலை காங்கிரஸ் என்ற அமைப்பு இதற்கென்றே அளவு வகுத்திருக்கிறது. அகலம் 3.7 மீட்டர், அதாவது 12 அடி. நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர், சுமார் நாலு அங்குலம். தோசைக்கல்லைக் கவிழ்த்ததுபோலச் சீராக ஏறி இறங்க வேண்டும். வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் வயிற்றில் குழந்தை இருப்பவரையும் குலுக்காமல் தாண்டிவிடும். மேலே கறுப்பு வெள்ளைக் கோடு பூச வேண்டும். சுமார் 40 மீட்டருக்கு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். விளக்கு வெளிச்சம் விழுகிற இடமாக இருப்பது நல்லது.

இதையெல்லாம் பார்க்காமல், கட்டட வேலை நடக்கும் வீட்டில் இரண்டு சட்டி சிமெண்ட் வாங்கி நாமே ஒரு மேடு கட்டிவிடுகிறோமே, அது ஆபத்து. அனுமதியில்லாமல் கட்டவும் கூடாது. இருட்டில் தெரியாத மேட்டில் முதலில் தூக்கி எறியப்படுவது, ஸ்கூட்டரின் பின் சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து குழந்தையையும் பையையும் பிடித்துக்கொண்டு வரும் நாம்தான்.

அந்த அளவுகளின்படி பார்த்தால் வளைவுக்கு முன்னால் விளக்குக் கம்பம் இருந்த இடம்தான் சரி. அது சங்கத் தலைவர் வீட்டு வாசல்! அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அதற்குள் அவர் மனைவி எழுந்து, "எங்க வாசல்லயே போடுங்க சார். பேரன் லீவுக்கு வந்தா ரோட்டுக்குத்தான் ஓடறான்" என்று சொல்லி முடித்துவிட்டார். 2024 மார்ச்சில் வேகத்தடை வந்தது. மனு கொடுத்து ஒரு வருஷம் இரண்டு மாதம்! இன்று தலைவர் வீட்டில் யாரும் சத்தத்தைப் பற்றிக் குறை சொல்வதில்லை.

கூடினால் கிடைக்கும்

ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் புதிதா என்ன? ஆலந்தூர், 2011இல் சென்னை மாநகராட்சியுடன் சேரும் வரை தனி நகராட்சியாக இருந்தது. 1990களின் பிற்பகுதியில் அங்கே பாதாளச் சாக்கடை போட வேண்டும் என்று தீர்மானித்தபோது, வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத் தொகை கேட்டார்கள். குடியிருப்போர் சங்கத்தார் வீடு வீடாக ஏறி இறங்கி எடுத்துச் சொன்னார்கள். ஜனங்கள் பணம் கட்டினார்கள், திட்டமும் நிறைவேறியது. ஜனங்களின் பங்களிப்புக்கு உதாரணமாக அதை இன்றும் சொல்கிறார்கள்.

அயல்நாட்டிலும் இப்படித்தான். நெதர்லாந்தில் 1971இல் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் அதிகமானவர்கள் குழந்தைகள். தாய்மார்களும் பிள்ளைகளுமாகத் தெருவில் இறங்கினார்கள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்பதே அந்த இயக்கத்தின் பெயர். தெருவை மறித்து மேஜை போட்டுச் சாப்பிட்டார்கள், குழந்தைகளை விளையாட விட்டார்கள். குடியிருப்புத் தெருக்களில் கார் ஆள் நடக்கும் வேகத்தில்தான் போக வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே 1976இல் சட்டத்தில் ஏறியது. இன்று சைக்கிளுக்குப் பேர் போன தேசமாக நாம் அதைப் பார்க்கிறோம். அதற்குப் பின்னால் அம்மாக்கள் இருக்கிறார்கள்.

வண்டிகளைப் போலவே திருட்டு பயமும், பெண்களைக் கேலி செய்கிற தொல்லையும் தெருவில் உண்டு. அதற்குக் காமிரா மட்டும் போதாது, மனிதக் கண் வேண்டும். நியூயார்க்கில் வாழ்ந்த ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி, கல்லூரிப் பட்டம் பெறாதவர், 1961இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் வற்புறுத்தினார். கடைக்காரர், திண்ணையில் இருப்பவர், ஜன்னலில் நிற்பவர் என்று பல பேருடைய கண் தெருவின் மேல் இருந்தால்தான் தெரு பத்திரமாக இருக்கும் என்றார். எங்கள் தெரு மரத்தடியில் இஸ்திரி போடும் அம்மாவை நினைத்துப் பார்க்கிறேன். எந்த வண்டி எந்த வீட்டுக்கு, எந்தக் குழந்தை எத்தனை மணிக்கு ஸ்கூலிலிருந்து வரும் என்று அவருக்குத் தெரியாதது இல்லை. இப்போது எங்கள் சங்கக் கூட்டத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி உண்டு.

நாமே செய்யக் கூடியவை

* விடியலில் கோலம் போடும்போது முதலில் வாசல் விளக்கைப் போடுங்கள். மார்கழி, தை மாதங்களில் சென்னையில் சூரிய உதயமே ஆறரை மணி சுமாருக்குத்தான். வெளிர் நிறப் புடவை நல்லது. வண்டி வரும் திசையைப் பார்த்து உட்காருங்கள். நாலு தப்படி தள்ளி ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஸ்டூலைக் காவலுக்கு வையுங்கள்.

* ஸ்கூட்டர், மோட்டார் பைக்கின் பின் சக்கரத்தில் பாதியாவது மூடும்படி புடவைத் தடுப்பும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்கும் இடமும் இருக்க வேண்டும் என்பது விதி. அழகாயில்லை என்று கழற்றிவிடாதீர்கள். முந்தானையையும் துப்பட்டாவையும் முன்னால் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

* 4 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டும் என்கிறது 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம்.

* "டியூஷன் பக்கத்துலதானே" என்று பத்தாவது படிக்கும் பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், அதே சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு.

* வளைவில் காரை நிறுத்தாதீர்கள். பின்னால் இருந்து ஓடிவரும் குழந்தை தெரியாது.

* மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்கினால் மின்கம்பத்தையும் மின்பெட்டியையும் தொடாமல் தள்ளியே நடங்கள். மூடி இல்லாத சாக்கடை தெரிந்தால் உடனே ஒரு கிளையையோ கம்பையோ நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டுப் பிறகு போன் செய்யுங்கள்.

அடிபட்டவருக்கு உதவ பயம் வேண்டாம்

போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்களோ என்று ஒதுங்கிய காலம் போய்விட்டது. 2016இல் சுப்ரீம் கோர்ட்டும், 2019இல் சட்டத் திருத்தமும் உதவி செய்பவருக்குப் பாதுகாப்பு அளித்துவிட்டன. விருப்பமில்லாவிட்டால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் அரசு செலவில் செய்கிறார்கள்.

முதலில் 108ஐக் கூப்பிடுங்கள். மயங்கிக் கிடப்பவருக்குத் தண்ணீரோ சோடாவோ கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து வைத்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடி என்று சந்தேகம் இருந்தால், வேறு ஆபத்து இல்லாதவரை அசைக்காதீர்கள். கையோ மணிக்கட்டோ முறிந்ததுபோல் இருந்தால், வீக்கம் வருமுன் வளையலையும் மோதிரத்தையும் மெல்லக் கழற்றிவிடுங்கள். பிறகு, நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகையையே நீளவாக்கில் மடித்துக் கைக்குக் கீழே கொடுத்து, கைக்குட்டையால் இறுக்காமல் கட்டி, துப்பட்டாவில் தொட்டில்போலக் கழுத்தோடு மாட்டிவிடலாம். எங்கள் அக்காவுக்கு ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படித்தான் செய்தோம்.

இப்போது எங்கள் தெருவில் வருஷத்துக்கு நாலு விழா. பொங்கலுக்குக் கோலமும் உறியடியும், சுதந்திர தினத்துக்குக் குழந்தைகள் ஓட்டப் பந்தயம், நவராத்திரிக்கு வீடு வீடாகக் கொலு, கிறிஸ்துமஸுக்குக் கடைசி ஃப்ளாட் டீச்சர் வீட்டுக் கேக். ஒவ்வொரு விழாவுக்கு மறுநாளும் பிள்ளைகள் நோட்டை எடுத்துக்கொண்டு விளக்குகளையும் பள்ளங்களையும் எண்ணிவிட்டு வர வேண்டும். இது எங்கள் வழக்கமாகிவிட்டது. போன தடவை எண்ணியதில் புதிதாக ஒரு பள்ளம், அணைந்த விளக்கு ஒன்று. புகார் எண் எங்கள் வீட்டுக் காலண்டரில் இருக்கிறது.

உங்கள் தெருவிலும் பிள்ளையார் கோயில் பொங்கலோ, ஆயுத பூஜையோ, இஃப்தார் விருந்தோ ஏதாவது ஒரு சாக்கு இருக்கும். அதற்கு எல்லோரையும் கூப்பிடுங்கள், வாடகைக்கு இருப்பவரையும் வாட்ச்மேன் குடும்பத்தையும் விட்டுவிடாமல். சாப்பாடு முடிந்து தாம்பூலம் தரும்போது மனுவையும் பேனாவையும் பக்கத்தில் வையுங்கள். இன்று சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஒரு நடை தெருமுனை வரை போய், எத்தனை கம்பம், எத்தனை எரிகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்களேன்!